புகழ்ந்தே கெட்டார்

"அந்த நாட்டோட பெருமையெல்லாம் உள்ளே போய் அளக்காதீங்க. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாப் போதும். புரியுதா?"

விசா அலுவலக வரிசையில் நின்றபடி பத்தாவது தடவையாகச் சொன்னாள் மனைவி.

பேராசிரியர் சமர்த்தாகத் தலையாட்டினார். தத்துவம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அந்த நாட்டில் காலே வைக்காமல் அதைப் போற்றி இரண்டு புத்தகம் எழுதியவர். ஒரே மகள் வாழ்க்கைப்பட்டதும் அங்கேதான். அவளுக்கு இப்போது எட்டாம் மாதம்.

"அப்பாவும் வந்தாத்தான் நான் வருவேன். தனியா விட்டா அவருக்கு அலமாரியில இருக்கற துண்டைக்கூட எடுக்கத் தெரியாது" என்று மகளிடம் கறாராகச் சொல்லியிருந்தாள் மனைவி.

அவளைத்தான் முதலில் கூப்பிட்டார் அதிகாரி.

"எதுக்குப் போறீங்க?"

"பொண்ணுக்குப் பிரசவம்."

"எங்க நாடு பிடிக்குமா?"

"அந்தக் குளிர்ல மனுஷன் இருப்பானா சார்? மூணு மாசம் முடிஞ்ச அன்னிக்கே ஓடி வந்துடுவேன்."

டப்பென்று முத்திரை விழுந்தது.

அடுத்து பேராசிரியர். "நீங்க எதுக்கு சார்?"

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது.

"ஐயா, அதுவல்லவா நாடு! ஒருத்தர் பேசி முடிக்கிற வரைக்கும் அடுத்தவர் வாயைத் திறக்கறதில்லை. கடவுளையே நிறுத்திவச்சுக் கேள்வி கேட்கறாங்க. அவரும் கோவிச்சுக்காம இருக்கார். அப்படிப்பட்ட கடவுள் வேற எங்கே கிடைப்பார்?"

மனைவி அவர் இடுப்பில் கிள்ளினாள். பலிக்கவில்லை.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "திரும்பி வருவீங்கதானே?"

"சொர்க்கத்துக்குப் போனவன் எவனாவது திரும்பி வந்திருக்கானா?"

விசா மறுக்கப்பட்டது.

வெளியே வந்ததும் வெடித்தாள் மனைவி.

"வாயா அது? காலமெல்லாம் கனவு கண்ட நாட்டை அரை நிமிஷத்துல கோட்டை விட்டீங்களே!"

"மனசுல பட்டதைச் சொன்னேன்."

"சொல்லிக்கிட்டு இங்கேயே கிடங்க! நான் போறேன். மூணு மாசம் தனியா அல்லாடினாத்தான் உங்களுக்குப் புத்தி வரும்."

சொன்னபடியே கோபம் ஆறுவதற்குள் விமானம் ஏறிவிட்டாள்.

பேத்தி பிறந்தாள். குழந்தையைக் குளிப்பாட்டுவதும் மகளோடு ஊர்க்கதை பேசுவதுமாக நாள் ஓடியது. கல்யாணமான பிறகு இப்படிச் சாவகாசமாக உட்கார்ந்ததே இல்லை என்று அவளுக்கே தோன்றியது. ஆனாலும் புருஷன்மேல் இருந்த ஆத்திரம் மட்டும் குறையவில்லை.

"உங்கப்பா மட்டும் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா, இந்நேரம் பேத்தியை மடியில வச்சுக்கிட்டு இருப்பார். எவ்வளவு படிச்சு என்ன? சாமர்த்தியம் போதாது."

மகளால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. சிரித்தாள். கண் கலங்கியது.

"அம்மா, விசா ஆபீசுக்குப் போறதுக்கு முந்தின நாள் அப்பா எனக்கு போன் பண்ணினார். 'நான் வந்தா உங்கம்மா அங்கேயும் என் பின்னாலேயே ஓடிக்கிட்டு இருப்பா. வரலைன்னு சொன்னா அவளும் கிளம்ப மாட்டா. என்ன பேசினா எனக்கு மட்டும் விசா தர மாட்டாங்க?'ன்னு கேட்டார்."