மஞ்சள் பட்டை

கன்னியப்பனை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்ததும், அவசரப் பிரிவு வாசலில் இருந்த இயந்திரம் அவன் மூச்சை மோந்து பார்த்து, மணிக்கட்டில் மஞ்சள் பட்டை மாட்டியது: 'குடிபோதை. அபாயம் குறைவு. ஆறு மணி நேரம் தூங்கவிடவும்.'

"பாதாளச் சாக்கடையில எறங்கும்போது வழுக்கி மண்டையில அடிபட்டுச்சு சிஸ்டர்," என்றாள் அவன் மனைவி அஞ்சலை. "குடிக்காம அந்த நாத்தத்துல எறங்க முடியுமா? ஆனா குடிச்சா இப்பிடி வாந்தி எடுக்கற ஆளு இல்ல."

நான் டார்ச் அடித்துப் பார்த்தேன். இடது கண்ணின் பாவை மட்டும் விரிந்திருந்தது. ஸ்கேன் கேட்டேன். இயந்திரத்தின் திரை மறுத்தது: 'போதையில் இது இயல்பு.'

"ஒரு கண்ணு மட்டுமா குடிச்சுது?" என்று கத்தினேன்.

ஸ்கேன் அறைக் கதவு மஞ்சள் பட்டைக்குத் திறக்காது. கத்தரியால் அதை வெட்டி எறிந்தேன். என் கையிலிருந்த ஊழியர் பட்டையைக் கழற்றி அவன் கையில் கட்டி, ஸ்ட்ரெச்சரைத் தள்ளினேன்.

'வணக்கம், நர்ஸ் பியூலா' என்று கதவு உடனே திறந்தது.

பின்னாலேயே ஓடிவந்த அஞ்சலை கேட்டாள்: "மோந்து பாக்க மிஷின் வாங்கினவங்களுக்கு, அந்தக் குழிக்குள்ள எறங்க ஒண்ணு வாங்கத் தோணலியா சிஸ்டர்?"