அக்கா நின்ற இடம்

"கையில சன்ஸ்கிரீன் ஏதும் பூசலையே?" என்று வெர்னன் கேட்டார்.

இல்லை என்று நோரீன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினாள். பள்ளிக்கூடத்தில் நகம் வெட்டியதைக் காட்டுகிற பிள்ளை மாதிரி, எழுபது தாண்டிய வயதில்.

அப்படியும் அவருக்கு மனசு கேட்கவில்லை. கார்க் கதவின் மேல் ஒரு துண்டை விரித்துவிட்டுத்தான் சாயச் சொன்னார். பின்னே, குளிர்காலம் முழுக்க உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வார்னிஷ் மேல் வார்னிஷாக ஏற்றிய மரம். பெண்டாட்டியின் முதுகு பட்டுக் கெட்டுவிட்டால்?

இத்தனை வருடக் குடித்தனத்தில் அந்தக் கதவில் அவள் சாய்ந்ததே இல்லை. இன்றைக்குத்தான் உத்தரவு கிடைத்திருக்கிறது.

சான் கிளமெண்டே கடற்கரையில் பழைய மரக்கார்கள் கண்காட்சிக்கு வரிசையாக நின்றன. பக்கமெல்லாம் மரப்பலகை, கூரை மேல் அலைச்சறுக்குப் பலகை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் பூப்போட்ட சட்டையோடு ஒரு கிழவர், கையில் துடைக்கிற துணி. பேரப்பிள்ளை மூக்கைக்கூட இவர்கள் இத்தனை தடவை துடைத்திருக்க மாட்டார்கள்.

வெர்னனின் காருக்கு முன்னால் சட்டம் போட்ட ஒரு பழைய படம் இருந்தது. இதே கடற்கரை, இதே கார். நீச்சல் உடையில் ஒரு பெண், ஈர முடியோடு கதவில் சாய்ந்து சிரிக்கிறாள். அவள் இடுப்பில் கை போட்டபடி இருபது வயது வெர்னன்.

மரக்கார் சங்கத்துப் பத்திரிகைக்கு அந்தப் படம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. அட்டையில் 'அன்றும் இன்றும்' என்று போடப்போகிறார்களாம். அதே கார், அதே இடம், அதே ஜோடி. எடுப்பதற்குப் பிராடி என்ற புகைப்படக்காரன் வந்திருந்தான்.

அதே ஜோடி. அங்கேதான் வம்பு.

படத்தில் இருப்பது நோரீன் இல்லை. அவளுடைய அக்கா ஜோனெல்.

அந்த வருடமே ஜோனெல் வேறொருத்தனோடு ஹவாய்க்குப் போய்விட்டாள். போனவள் திரும்பிப் பார்க்கவில்லை. வெர்னன் அழுதார், அழுதார், வருடக்கணக்கில் அழுதார். ஆறுதல் சொல்லப் போனவள்தான் நோரீன். ஆறுதல் சொன்னவளையே கடைசியில் கட்டிக்கொண்டார்.

"நீங்க கொஞ்சங்கூட மாறவே இல்லைங்க" என்று வருகிறவர் போகிறவரெல்லாம் படத்தைப் பார்த்துவிட்டு அவளிடம் சொல்வார்கள். முதல் தடவை திருத்த வாயெடுத்தாள். வெர்னன் முழங்கையை அழுத்தினார். அப்புறம் அதுவே பழகிப்போயிற்று. சிரித்துவைப்பாள்.

ஆனால் வாய்ப்பேச்சு காற்றோடு போகும். இது அச்சில் வரப்போகிறது, கீழே பேரோடு. காலையில் வரும்போதே அவரிடம் சொல்லிவிட்டாள், பேர் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று.

"நீதான்னு நாலு பேர் நினைச்சா உனக்கென்ன குறைஞ்சுபோச்சு?" என்றார் அவர்.

அவள் கார் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இடது காலை லேசா மடக்குங்க. தலையைச் சாய்ச்சு, ஆங், அப்ப சிரிச்ச மாதிரியே சிரிங்க" என்றான் பிராடி.

அக்காவின் சிரிப்பு அவளுக்கு அத்துப்படி. வரவழைத்தாள். முழங்கால் வலித்தது.

இடுப்பில் வெர்னனின் கை வந்து விழுந்தது. திரும்பிப் பார்த்தாள். அவர் கண் இவள் மேல் இல்லை. படத்தில் கை எந்த இடத்தில் இருக்கிறது என்று எட்டிப் பார்த்து, கொஞ்சம் கீழே இறக்கிக்கொண்டிருந்தார்.

இரண்டு மூன்று எடுத்ததும் பிராடி பழைய படத்தைச் சட்டத்திலிருந்து உருவினான், நகல் எடுக்க. சட்டத்தின் ஓர அட்டை இத்தனை நாள் மறைத்திருந்த படத்தின் கீழ்ப்பகுதி வெளியே வந்தது.

"இங்க பாருங்க சார், மணல்ல ஒரு நிழல் விழுந்திருக்கு. படம் எடுத்தவங்க நிழல். சின்னப் பொண்ணு போல, ரெட்டைச் சடை தெரியுது. யாரு சார் இது?"

நோரீனே மறந்துபோயிருந்த நிழல்.

அன்றைக்குக் கடலுக்கு முதுகைக் காட்டி, பெட்டிக் கேமராவை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றவள் அவள்தான். பன்னிரண்டு வயது. கை நடுங்கக் கூடாதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தாள். கேமராவை அவள் கையில் கொடுத்ததே வெர்னன்தான். "எடு குட்டி" என்று ஒரு சடையைப் பிடித்து இழுத்துவிட்டுப் போனார். அன்று ராத்திரி அவள் அந்தச் சடையை அவிழ்க்காமலே படுத்தாள்.

அவளும் அந்தப் படத்தில் இருக்கிறாள். அக்கா இடத்தில் இல்லை, தன் இடத்தில். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மீதியை எப்படி வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளட்டும்.

வெர்னன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு நிழலைக் குனிந்து பார்த்தார். நிதானமாகவே பார்த்தார்.

"யாரோ அந்த வழியா போன பிள்ளை எடுத்தது. நிழலை வெட்டிடுப்பா."

பொய் சொன்னால் அவருக்குக் காது மடல் சிவந்துவிடும். கல்யாணமான நாளாக அவளுக்குத் தெரியும்.

நோரீன் அவர் காதையே பார்த்துக்கொண்டு நின்றாள். சிவக்கவில்லை.