ஒரே கம்பி, இரண்டு வீடு

“பத்தே நிமிஷம்தாம்மா. பேர் சொல்லக்கூடாது, விலாசம் சொல்லக்கூடாது. அந்தப் பக்கம் யாருன்னு எட்டிப் பாக்கக்கூடாது. பேசி முடிச்சதும் இந்தக் கதவு வழியாவே போயிடணும். சம்மதமா?”

பழைய காலத்து டெலிபோன் ஆபரேட்டர் வேஷத்தில், காதில் ஹெட்போனோடு நின்ற நெவேனா கண்டிப்பாகக் கேட்டாள். செர்பியாவின் நோவி சாத் நகரில் மூடிக் கிடந்த ஒரு தபால் நிலையத்தில் அவள் நடத்தும் கலை நிகழ்ச்சி அது. மேடை கிடையாது, வருகிறவர்கள்தான் நடிகர்கள். கூடத்தின் இரண்டு கோடியிலும் ஒவ்வொரு மரக்கூண்டு, கூண்டுக்குள் ஒரு சிவப்பு டெலிபோன். முன்பின் தெரியாத இரண்டு பேரை அவள் இணைத்து வைப்பாள். துணையில்லாமல் கிடப்பவர்கள் கொஞ்சம் பேசட்டுமே என்றுதான்.

“சம்மதம், சம்மதம். இந்த வயசுல எட்டிப் பாத்தா கழுத்துதான் பிடிச்சுக்கும்” என்று சிரித்துக்கொண்டே உள்ளே போய் உட்கார்ந்தாள் ராதோய்கா. அவளுக்கு எழுபது வயது. கணவன் போய் ஆறு வருஷமாகிறது. வீட்டில் பேச்சுத் துணை ரேடியோதான்.

மணி அடித்தது. எடுத்தாள்.

“ஹலோ... யாருங்க? ஓ, அதைக் கேக்கக்கூடாதுல்ல? மன்னிச்சுக்குங்க.”

ராதோய்கா ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள். குரல் கரகரத்துப் போயிருந்தாலும் அதே இழுவை, அதே அசட்டுச் சிரிப்பு. ப்ரான்கோ! நாற்பது வருஷத்துக்கு முன்னால் கீழ்வீட்டில் குடியிருந்த ப்ரான்கோ!

வைத்துவிட்டு ஓடிவிடலாமா என்று தோன்றியது. ஆனால், இந்த மனுஷனுக்குச் செய்த பாவத்தை ஒரு தடவையாவது வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும் என்று எத்தனை வருஷமாகத் தவித்திருக்கிறாள்! முகமும் பேரும் தெரியாமல் சொல்ல இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்குமா?

“சொல்லுங்க” என்றாள், குரலைக் கொஞ்சம் கட்டையாக்கிக்கொண்டு.

“என்னத்தைச் சொல்ல? இந்த டெலிபோனைப் பாத்ததும் பழசெல்லாம் ஞாபகம் வருது. உங்க வீட்லயும் இரட்டை லைன்தானா?”

“பின்னே? தனி லைன் யாருக்குக் கிடைச்சுது?”

யூகோஸ்லாவியா என்று ஒரு நாடு இருந்த காலம் அது. டெலிபோனுக்கு எழுதிப் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தால், ஒரே கம்பியை மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்குமாகப் பிரித்துக் கொடுப்பார்கள். ஒரு வீட்டில் ரிசீவரை எடுத்தால் அடுத்த வீட்டு டெலிபோன் செத்துப்போகும்.

“அய்யோ, கரண்டியை எடுத்து, மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்குமா ஓடுற ஹீட்டர் குழாயைத் தட்டுவோமே! வைங்க, வைங்கன்னு!” என்றாள் அவள், தன்னை மறந்து.

“நானும் தட்டுவேன். எங்க மேல்வீட்ல ஒரு பொண்ணு. அக்காகிட்ட மிளகாய்த் தொக்குக்குப் பக்குவம் கேக்க ஆரம்பிச்சான்னா, மிளகாயைச் சுட்டு, தோலுரிச்சு, கிண்டி, பாட்டில்ல அடைக்கிற வரைக்கும் போனை வைக்கமாட்டா.”

ராதோய்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்த அக்டோபர் மாதங்கள்! மாடிப்படி முழுக்கச் சுட்ட மிளகாய் மணக்கும். தொக்கு கொடுத்த பாட்டிலை வெறுமனே திருப்பித் தராமல், வால்நட் போட்டு நிரப்பி அனுப்புவார் ப்ரான்கோ. எவ்வளவு நல்ல நாட்கள் அவை!

“ஆனா, ஒரு நாள் அவ பண்ணின காரியத்தை மட்டும் மறக்கவே முடியல” என்றார் அவர்.

அவள் சிரிப்பு நின்றது.

“ராத்திரி பூரா ரயில்ல போகணும், அந்த லுப்லியானா ஊர்ல மெட்கான்னு ஒருத்தி. கல்யாணம் பண்ணிக்கிறதா இருந்தோம். ‘இங்கே உனக்கு வேலை முடிவாச்சுன்னா சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குப் போன் பண்றேன், உடனே கிளம்பி வா’ன்னு எழுதியிருந்தா. முந்தின நாளே மேல்வீட்டுக்குப் போய், ‘நாளைக்கு மட்டும் லைனை விட்டு வைம்மா’ன்னு கெஞ்சிட்டு வந்தேன். மறுநாள் பன்னிரண்டு மணிக்கு டெலிபோன் செத்துப்போச்சு. மூணு மணி வரைக்கும் உசிரே வரல. குழாயைத் தட்டினேன், கதவைத் தட்டினேன். அவ திறக்கவே இல்ல.”

“அப்புறம்?”

“அப்புறமென்ன? நான் லுப்லியானாவுக்கும் போகல, எனக்குக் கல்யாணமும் ஆகல. இன்னிக்கும் ஒண்டிக்கட்டைதான்.”

ராதோய்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒருத்தர் வாழ்க்கையையே கெடுத்துவிட்டோமே என்று கூசிப்போய்த்தான், இரண்டே மாதத்தில் அந்த வீட்டைக் காலி செய்துவிட்டு அவள் வேறு ஊருக்கே போனாள்; அவள் கல்யாணம்கூட அங்கேதான் நடந்தது. மாடிப்படியில் அவர் முகத்தில் விழிக்கத் தைரியம் இல்லை. கணவன் இறந்த பிறகுதான் நோவி சாதுக்குத் திரும்பி வந்தாள்.

“இன்னும் ஒரு நிமிஷம்” என்று நெவேனாவின் குரல் குறுக்கிட்டது.

இப்போது விட்டால் இனி எப்போது சொல்வது?

“அந்தப் பொண்ணு வேணும்னே அப்படிப் பண்ணியிருந்தா? நீங்க ஊரை விட்டுப் போயிடக்கூடாதேன்னு, ரிசீவரை எடுத்துத் தலையணைக்கு அடியில வச்சிட்டு அழுதுக்கிட்டு உக்காந்திருந்தா? அவளை மன்னிப்பீங்களா?” என்றாள். அவள் குரல் உடைந்துபோயிற்று.



“அது எனக்கு அன்னிக்கே தெரியும், ராதோய்கா” என்றார் ப்ரான்கோ. “மூணு மணி நேரமும் மேலேயிருந்து பேச்சே கேக்கல, அழுகைதான் கேட்டுது. ‘வேலை முடிவாச்சு, வா’ன்னு மெட்காவோட தந்தி அன்னிக்கு நாலு மணிக்கே வந்துடுச்சு. நான்தான் அதைக் கிழிச்சுப் போட்டுட்டு, நானா கேட்டா நீ கூச்சப்படுவேன்னு, நீ எப்ப இறங்கி வந்து உன் மனசைச் சொல்லுவேன்னு காத்துக்கிட்டிருந்தேன். நீ என்னடான்னா வீட்டையே காலி பண்ணிட்டுப் போயிட்டே!”