ரெண்டு அவுன்ஸ் அரிஷ்டம்

பஸ் கிளம்பும் முன்பே வேதமணி பிடிபட்டுவிட்டான்.

அமரவிளைப் பக்கத்துச் சபை ஒன்றிலிருந்து நாற்பது பேர் கொச்சிக்கு டூர். சாயங்காலம் ஐந்து மணி நேரம் கடலில் கப்பல் சுற்றுவதுதான் விசேஷம். கப்பலில் பார் உண்டு. ஆனால் வெளியிலிருந்து ஒரு சொட்டு கொண்டுபோகக் கூடாது. போன டூரில் ஒருத்தர் பையில் குப்பி அகப்பட்டு, மொத்தக் கூட்டத்தையும் ஏற்றாமல் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அதனால் டூர்காரர் இந்தத் தடவை சதாசிவனைக் கூட்டி வந்திருந்தார். முப்பது வருடம் செக்போஸ்ட்டில் சரக்கு பிடித்து ஓய்வு பெற்றவர். ஆலய வாசலில் பெஞ்சைப் போட்டு ஒவ்வொரு பையாகத் துழாவிக்கொண்டிருந்தார்.

வேதமணியின் பையிலிருந்து ஒரு புட்டுக்குற்றி வெளியே வந்தது.

"கப்பல்ல புட்டு அவிக்கப் போறியாலே மக்கா?"

"ஒரு ஆசைக்காக்கும் சார்."

குற்றிக்குள் பிராந்திக் குப்பி கச்சிதமாகச் செருகியிருந்தது. வேதமணி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தான். அவன் பெண்டாட்டி மட்டும் பஸ்ஸில் ஏறி நல்ல ஜன்னல் சீட்டாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

வரிசையில் நின்ற ஈசாக், தன் பெண்டாட்டி லீலாபாயின் கையிலிருந்த பையைப் பார்த்தார்.

முப்பத்தைந்து வருடம் குவாரியில் கல் உடைத்தவர். ஒரு பக்கத் தோள் இறங்கிப்போனதுதான் மிச்சம். கல்யாணமான முதல் வாரமே லீலாபாய் சொல்லிவிட்டாள்: "இனி குடிச்சிட்டு வந்தா நான் எங்க வீட்டுக்குப் போயிருவேன்." அன்றைக்கு விட்டவர்தான். அவள் சாதாரண ஆள் இல்லை. சபையின் மதுவிலக்குச் சங்கத் தலைவி. போன ஞாயிறுகூட மைக்கைப் பிடித்து, தன் புருஷனைக் காட்டித்தான் சாட்சி சொன்னாள்.

ஆனால் மகள் போனில் காட்டிய கப்பல் படம் ஈசாக்கைக் கெடுத்துவிட்டது. அதில் ஒரு கிழவன் நாற்காலியில் சாய்ந்து, கையில் சிவப்பாக ஒரு கிளாஸை வைத்துக்கொண்டு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை வருடம் பாறையைப் பார்த்த கண்ணுக்கு ஒரு நாள் அப்படி ஓர் இருப்பு வேண்டாமா? கப்பல் பாரில் வாங்கினால் சபையே பார்க்கும். அதனால் முந்தாநாள் எல்லை தாண்டிக் களியக்காவிளைக்குப் போய் ஒரு சின்னக் குப்பி வைன் வாங்கி வந்தார்.

இன்று காலை லீலாபாய் குளிக்கப் போன நேரம், அவள் ராச்சோற்றுக்குப் பிறகு குடிக்கும் திராட்சை அரிஷ்டத்தை வாழைமூட்டில் கவிழ்த்துவிட்டு, அந்தக் குப்பியில் அதே அளவுக்கு வைனை நிறைத்தார். ரெண்டும் ஒரே நிறம். மணமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மதுவிலக்குத் தலைவியின் மருந்துக் குப்பியை எவன் சந்தேகப்படுவான்? ராத்திரிக்குள் கொச்சியில் ஒரு புது அரிஷ்டம் வாங்கி மாற்றிவிடலாம்.

சதாசிவன் சந்தேகப்பட்டார். குப்பியை வெயிலில் தூக்கிப் பார்த்தார். திறந்து மோந்தார். மறுபடியும் மோந்தார்.

"இது என்னதாக்கும்?"

"அரிஷ்டம். வாயுவுக்குக் குடிக்கது," என்றாள் லீலாபாய்.

"மணம் சரியில்லியே சேச்சி."

"பின்ன, அரிஷ்டத்துக்கு மல்லிகைப்பூ மணமா வரும்?"

வரிசை சிரித்தது. சதாசிவன் சிரிக்கவில்லை.

"மூக்கு ஏமாறும் சேச்சி, முகம் ஏமாத்தாது. குடிச்சுப் பழக்கம் இல்லாத ஆளு ஒரு வாய் சரக்கு குடிச்சா மூஞ்சி தானா கோணும். நான் எத்தன பேரப் பாத்திருக்கேன்! ஒரு அவுன்ஸ் இப்பக் குடிச்சுக் காட்டுங்க. பையத் தாறேன்."

ஈசாக் பதறினார். "வேண்டாம் லீலா. ராத்திரி குடிக்க மருந்தில்லா? பகல்ல குடிச்சா வயித்துக்கு ஆகாது."

"குடிச்சா செத்தா போவேன்? நீங்க மிண்டாம நில்லுங்க."

பாறைக்கு வெடி வைத்துவிட்டு ஓட இடம் இல்லாமல் நின்றவனைப் போல ஈசாக் நின்றார். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் லீலாபாய் அவுன்ஸ் கிளாஸில் ஊற்றி ஒரே மடக்கில் இறக்கிவிட்டாள். ஈசாக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்.

ஒரு சத்தமும் இல்லை. திறந்து பார்த்தார். அவள் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

"வைத்தியரு ரெண்டு அவுன்ஸ் சொல்லியிருக்காரு," என்று இன்னொன்றையும் ஊற்றிக் குடித்து, முந்தானையால் வாயைத் துடைத்தாள். "அரிஷ்டமேதான். இனியும் சம்சயம் உண்டுமா?"

சதாசிவன் பெஞ்சை விட்டு எழுந்து கும்பிட்டார். "மன்னிக்கணும் சேச்சி. இந்த முகம் பொய் சொல்லாது."

பஸ் நெய்யாற்றின்கரையைத் தாண்டியது. பின்னால் இருந்தவர்கள் பாட்டுப் பாடத் தொடங்கினார்கள். ஈசாக்குக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒரு நாளும் மதுவைத் தொடாதவள், சபை முன்னால் புருஷன் மானம் போகக்கூடாது என்று ரெண்டு அவுன்ஸை விழுங்கி, பொய்யும் சொல்லியிருக்கிறாள்! அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"லீலா, என்ன மன்னிச்சிரு. எனக்காண்டி அந்த விஷத்தப் போய்க் குடிச்சியே."

லீலாபாய் முன்னும் பின்னும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவர் காதோரம் குனிந்தாள்.

"விஷமேதான், வாய்ல வைக்கக் கொள்ளாது, அது கெடக்கட்டும், எனக்க தங்கச்சி மாசாமாசம் அரிஷ்டக் குப்பியில அடச்சுத் தாற நல்ல வைன எங்க கொண்டு கொட்டினீங்க?"