ஒரு பட்டன் மிச்சம்

“யாரையும் அடிக்காம ஜெயிக்கிற மாதிரி ஏதாவது சீட்டு இருக்கா, தம்பி?”

விளையாட்டுச் சீட்டுக் கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

“இந்த ஆட்டமே அடிதடிதான் அக்கா. ஆளுக்கு இருபது பாயிண்ட். எதிராளியோடதை அடிச்சு அடிச்சுப் பூஜ்யமாக்கணும்.”

அவள் போனை நீட்டினாள். படத்தில் ஒரு சாப்பாட்டு மேஜை. இரு பக்கமும் சீட்டு வரிசை. பாயிண்டைக் கணக்கு வைக்கச் சட்டைப் பட்டன்கள். ஒரு பக்கம் பதினாறு, மறுபக்கம் ஒன்றே ஒன்று.

“இந்த ஒத்தைப் பட்டன்காரர் அடுத்த அடியில செத்தார்,” என்று சிரித்தார் கடைக்காரர்.

“அதுக்கு முன்னாடியே போயிட்டார். என் வீட்டுக்காரர்.”

சிரிப்பு பாதியில் நின்றது. அவளே தொடர்ந்து சொன்னாள். ‘இப்ப என் முறை’ என்றபடியே நெஞ்சைப் பிடித்தவர் திரும்பி வரவில்லை. எதிரே ஆடிக்கொண்டிருந்தது பன்னிரண்டு வயது மகள். எட்டு மாதமாக மகள் ஆட்டத்தை முடிப்பதுமில்லை, மேஜையைத் துடைக்க விடுவதுமில்லை. அம்மாவும் மகளும் அடுப்பு மேடையில் தட்டை வைத்து நின்றபடியே சாப்பிடுகிறார்கள்.

“‘உடம்பு முடியாதவரைப் போட்டு அடிச்சுட்டேனேம்மா, அவர் ஒரு தடவைகூடத் தடுக்கலையே’ன்னு அதையே சொல்லிட்டிருக்கா. அவர் ஜெயிச்சாத்தான் என் பொண்ணு தேறுவா.”

கடைக்காரர் அடி இழுப்பறையைக் குடைந்தார். வெகுநேரம் கழித்து ஒரு சீட்டை எடுத்து வைத்தார். ‘கடைசிச் சுடர்’.

“ஒரே ஒரு பாயிண்ட் மிச்சமிருக்கிறப்ப இதை இறக்கினா ஆட்டம் அவருக்கு. ஆனா இதை நம்பி யாரும் கட்டு சேர்க்க மாட்டாங்க. வேணும்னே அடி வாங்கி வாங்கி ஒண்ணுக்கு இறங்கணுமே, அந்தத் துணிச்சல் யாருக்கு வரும்? இன்னொண்ணு, ஒரு கட்டுல இது ஒண்ணுதான் இருக்கலாம்.”

ஞாயிற்றுக்கிழமை காலை. மகள் குளிக்கப் போன நேரத்தில், மேஜையில் இருந்த கணவரின் சீட்டுக்கட்டின் மேல் அம்மா அதை வைத்தாள். திருடியைப் போலக் குளியலறைக் கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

“வா கண்ணு. அப்பாவுக்குப் பதிலா நான் ஒரே ஒரு சீட்டு எடுக்கிறேன்.”

“உனக்குத்தான் ஆடவே தெரியாதே.”

“பதினஞ்சு வருஷம் அவரோடயே குப்பை கொட்டியிருக்கேன். இது என்ன பிரமாதம்?”

மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அம்மா சீட்டை எடுத்து மேஜையில் இறக்கினாள். மகள் அதை இரண்டு முறை படித்தாள்.

“அப்பா ஜெயிச்சுட்டார்டி,” என்றாள் அம்மா, ஒத்திகை பார்த்து வைத்திருந்த குரலில்.

“இப்படி ஒரு சீட்டா? அப்பாகிட்ட நான் பார்த்ததே இல்லையே.” மகள் சீட்டை மூக்கருகே கொண்டுபோனாள். “புதுசு வாசனை அடிக்குது.”

அம்மா பட்டனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரி, ஜெயிச்சவங்க கைச்சீட்டைக் காட்டணும். அதுதான் ரூல்.”

கவிழ்ந்து கிடந்த நான்கு கைச்சீட்டுகளின் மேல் எட்டு மாதத் தூசு. எதிராளியின் கைச்சீட்டைப் பார்ப்பது தப்பாட்டம் என்று அவற்றை யாரும் தொட்டதில்லை. மகள் ஒவ்வொன்றாகத் திருப்பினாள். டிராகன். கோட்டை. மூன்றாவதில் அவள் விரல் நின்றுவிட்டது.

அம்மா எட்டிப் பார்த்தாள். முனை மடங்கி, கைபட்டு அழுக்கேறிய இன்னொரு ‘கடைசிச் சுடர்’.

“ஃபிராடு அப்பா,” என்றாள் மகள், எட்டு மாதத்தில் முதல் முறையாகச் சிரித்தபடி. “நான் அடிக்க அடிக்கத் தடுக்காம உட்கார்ந்திருந்தது இதுக்குத்தானா? அந்தப் பட்டனை எடும்மா, தட்டு வைக்கணும்.”