கடைசிக் கட்டம்

ஒத்தக்கடை பிரவுசிங் சென்டரில் தன் கணக்குப் பாட வெப்சைட்டைத் திறந்த இந்துப்ரியா டீச்சர் குழம்பிப் போனாள். பார்முலா இருக்க வேண்டிய இடமெல்லாம் வெறும் கட்டங்கள்.

"வீட்டுல நல்லாத் தெரிஞ்சுச்சே!"

"நீங்க போட்ட எழுத்து ஃபான்ட் உங்க கம்ப்யூட்டர்ல மட்டும் இருக்கும் டீச்சர், மத்ததுல வெறும் கட்டமாத்தான் தெரியும்," என்றார் கடைக்காரர் சுருளி.

நாளை பரீட்சை. பதறிப்போய் மாணவி தாமரைச்செல்விக்குப் போன் செய்தாள்.

"பார்முலா தெரியலைன்னு ஏண்டி சொல்லல?"

"நிரப்பணும்னுதானே மிஸ் கட்டம் விட்டிருந்தீங்க? புக்கைப் புரட்டி எல்லாரும் நிரப்பிட்டோம். கடைசிக் கட்டத்துக்குத்தான் எம்புட்டு முட்டியும் விடை வரல."

இந்துப்ரியா திரையைப் பார்த்தாள். கடைசிக் கட்டத்தை அடுத்து அவளுடைய போன் நம்பர். வீட்டுக் கம்ப்யூட்டரில் அந்தக் கட்டம் இருந்த இடத்தில் ஒரு குட்டி டெலிபோன் படம்.