நகக்கண்ணில் நீலம்

பரிசோதனைக்கூடத்து ஜன்னலோரம் நின்று கண்ணாடிக் குழாயை உயர்த்திப் பிடிக்கிறாள் அக்கா. உள்ளே இருப்பது தங்கை வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். கொண்டுவந்தபோது பளிங்குபோல் இருந்தது. மருந்து விட்டதும் சிவந்துவிட்டது. மூன்றாவது தடவையும் அதே சிவப்புதான். சுற்றுவட்டார வயல்களின் உரமெல்லாம் ஊற்றில் இறங்கியிருக்கிறது. பெரியவர்கள் தாங்கலாம், கைக்குழந்தை தாங்காது; ரத்தத்தில் பிராணவாயு குறைந்து உடம்பு நீலம் பாரிக்கும். பின்னால் பெஞ்சில் தங்கையின் பேச்சு ஓயவில்லை. "நம்ம தண்ணி அவ்ளோ இனிப்புக்கா. தெருவே வந்து மொண்டுட்டுப் போகுது. உங்க மாப்பிள்ளைக்குப் பெருமை தாங்கல." பேசிக்கொண்டே புட்டியிலுள்ள பால்மாவில் ஃபிளாஸ்க்கின் வெந்நீரை ஊற்றிக் குலுக்குகிறாள். இரண்டு மாதப் பிள்ளை வாயைத் திறக்கிறது. அக்கா பாய்ந்து வந்து புட்டியைப் பிடுங்குகிறாள். பால் தங்கையின் மடியில் சிந்துகிறது. "என்னக்கா இது? பசியில இருக்கான். காய்ச்சித்தானே கொண்டாந்தேன்!" "காய்ச்சினாலும் இது போகாதுடி. இவனுக்கு எத்தனை நாளா இந்தத் தண்ணி?" "பத்து நாளா..." அக்கா அந்தப் பிஞ்சு விரல்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்புகிறாள். நகக்கண்களில் லேசாக நீலம் பாரித்திருக்கிறது. "குளிருக்கு அப்படி இருக்கும்லக்கா?" என்று கேட்கிறாள் தங்கை, கழுத்தில் வழியும் வியர்வையைத் துடைக்காமலே. அக்கா பிள்ளையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோவைக் கூவி அழைத்தபடி வாசலுக்கு ஓடுகிறாள்.